இரண்டு மீட்டர் எண்பத்தாறு

ஜனவரி 5, 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை.

இன்று என் வயது எழுபத்திரண்டு ஆண்டு, மூன்று மாதம், இருபத்து நான்கு நாள். எழுபதுக்கு மேல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஓர் அளவைச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு சரியாகச் சொல்லாமலிருப்பது சோம்பல். முப்பத்தைந்து ஆண்டு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளுக்கு அந்தச் சோம்பல் ஆகாது.

காலை ஆறு இருபதுக்குப் புறப்பட்டோம். ஓர் ஆலையில் ஊழியர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த உயர்கூரை வேன் இது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கரூர்ப் பட்டறையில் வீடாக்கினோம். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, எண்பது லிட்டர் தண்ணீர், பீரோ அளவுக்கு ஒரு கழிப்பறை. தாழ்ந்த கூரை வண்டி மலிவாகக் கிடைக்கும் என்று தரகர் சொன்னார். அதில் நின்றுகொண்டு சேலை கட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. முழங்காலிட்டு ஜெபம் செய்யலாம். கொசுவம் வைக்க முடியாது.

ஓட்டுபவள் ஜெபக்கனி. என் தம்பி தங்கையாவின் மனைவி, வயது அறுபத்து மூன்று. தங்கையா இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஓசூரில் மகள் பிரிசில்லா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளை நான்தான் போய் அழைத்து வந்தேன். தேவாலயத்தில் எல்லோரும் இதை என் இரக்கம் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. எனக்கும் கார் ஓட்டத் தெரியும், இருபத்தெட்டு ஆண்டு ஓட்டினேன், அலுத்துவிட்டது, நிறுத்திவிட்டேன்.

வழிகாட்டும் வேலை என்னுடையது. அதில் ஒரு விதி உண்டு. கூரைமேல் உள்ள விசிறியையும் சேர்த்து வண்டியின் உயரம் இரண்டு மீட்டர் எண்பத்தாறு. ரயில் பாலத்தடியோ குறுக்குக் கம்பியோ வந்தால் வண்டி நிற்கும். நான் இறங்கி, முன்னே நடந்து, உயரப் பலகையைப் படித்து, பதிவேட்டில் குறித்து, வலக்கையைத் தூக்குவேன். அதன்பிறகே ஜெபக்கனி நகர்த்துவாள்.

"ஒங்க கை ஏறினாத்தான் மைனி எங் கால் இறங்கும்" என்றாள். ஒப்பந்தத்தை இவ்வளவு சுருக்கமாக நான்கூட எழுதியிருக்கமாட்டேன்.


ஜனவரி 8. ராஜபாளையத்துக்கு மேற்கே ஒரு மாந்தோப்பு.

தண்ணீர் நிரப்பினோம். கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, செய்ய நிறைய இருந்தது. மதியம் கூட்டாஞ்சோறு. பாத்திரம் மூன்றுதான் என்பதால் கழுவுவதும் மூன்றுதான். நாற்பது பாத்திரங்களோடு இத்தனை காலம் ஏன் வாழ்ந்தேன் என்று தெரியவில்லை.

ஜெபக்கனி வண்டி ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே வருகிறாள். "எடது பக்கம் கொளம் மைனி. கொளம் பூரா கொக்கு. ஒரு கொக்கு மட்டும் எருமை மேல ஏறி நிக்கி, கலெக்டர் பார்வையிட வந்த மாதிரி." வானொலி வர்ணனை இதைவிட ஒழுங்காக இருக்கும். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருவரின் பழக்கத்தைக் கெடுப்பானேன்.


ஜனவரி 11. கம்பம்.

தேவாலய வளாகத்தில் இரவு தங்க இடம் கொடுத்தார்கள். காலையில் பாஸ்டர் வீட்டுப் பக்கம் அவர் மனைவி நிற்பது தெரிந்தது. இடம் கொடுத்தமைக்கு நன்றி சொன்னேன், பள்ளத்தாக்கின் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். பதிலே இல்லை. திமிர் பிடித்தவள் என்று முடிவுகட்டியபோது ஜெபக்கனி பின்னாலிருந்து வந்தாள்.

"மைனி, அது கொடியில காயுத சேலை."

வெயில் நேரே முகத்தில் அடித்தது. யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஜெபக்கனி சிரித்துச் சிரித்து வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "சேலைக்கு ஒரு மரியாதை வேணாமா? பேராசிரியை நலம் விசாரிக்காவ, பேசாம ஆடிக்கிட்டு நிக்கி!" தங்கையா போனபின் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஆகவே மன்னித்தேன்.


ஜனவரி 14.

திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் பொங்கலும் இரண்டு கரும்பும் கொடுத்தார்கள். நிறுத்திப் பார்த்தால் கரும்பு வண்டியைவிட உயரம்.


ஜனவரி 18. வைகை அணை அருகே.

மூன்று நாளாக இங்கேயே இருக்கிறோம். போகவேண்டிய கட்டாயம் இல்லாதபோது தங்குவது இவ்வளவு சுகம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. காலையில் காபி, பிறகு நீர்ப்பக்கத்து ஒலிகள், பிறகு இட்லி. ஜெபக்கனி வண்டியின் கண்ணாடிகளைத் துடைக்கிறாள். டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்க்கிறாள். அதனால் என்ன தெரியும் என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாது. ஓட்டுதவங்க எல்லாரும் ஒதைக்காங்க, நானும் ஒதைக்கேன்" என்றாள்.

அவள் ஓட்டக் கற்றது ஐம்பத்தெட்டாவது வயதில். தங்கையாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார்க்காரனைக் கெஞ்சி அலுத்து, நேரே பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். "முதல் நாளு கிளட்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி தாவிச்சு. ஒங்க தம்பி பின்னால படுத்துக்கிட்டு, பேச்சு வராம, ஒரு கையால கைதட்டுதாவ. கதவுல." அதைச் சொல்லிவிட்டுக் கடைசி டயரையும் உதைத்தாள். பிறகு சொன்னாள்: "பொறந்த வீடு அப்பாவுக்கு. வாக்கப்பட்ட வீடு அவுகளுக்கு. இப்பம் பிரிசில்லா வீடு மருமவனுக்கு. இந்த ஸ்டியரிங்கு மட்டும்தான் மைனி, எங் கைக்குன்னு இருக்கு."

பிரிசில்லா தினமும் தொலைபேசியில் அழைக்கிறாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். அதற்கு ஓர் ஆயாவும் ஒரு கேரட் துண்டும் போதும், இவள் வேண்டியதில்லை.


ஜனவரி 22, புதன்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு விலகிய ஒரு சிற்றூர். பகல் பதினொன்று நாற்பது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரயில் பாலத்தடிக்கு முன் சாலை திரும்புகிறது. திருப்பத்தில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி; அதன் கீழே ஒரு வேகத்தடை. உயரப் பலகை இடப்பக்கச் சுவரில். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் கல்யாண ஃபிளெக்ஸ் அதை மறைக்கிறது. பின்னால் ஒரு பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. நான் இறங்கி நடந்தேன். எதிரிலிருந்து பால் வண்டி ஒன்று பாலத்தடி வழியாக வந்து எங்களைக் கடந்தது. பலகை: 3.1 மீட்டர். வண்டி: 2.86. இடைவெளி இருபத்து நான்கு சென்டிமீட்டர். கையைத் தூக்கினேன்.

சத்தம் தகரக் கொட்டகை இடிந்தாற்போல் இருந்தது. கூரை விசிறி பெயர்ந்தது. ஃபைபர் கூரை முன்பக்கம் ஒரு முழம் பிளந்தது. வண்டி கம்பிக்கடியில் சிக்கிக்கொண்டது.

கூட்டம் கூடிற்று. "பொம்பளைகிட்ட இவ்வளவு பெரிய வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றான் பேருந்து நடத்துநர். அவனிடம், "தாங்கள் இதுவரை ஓட்டியது விசில் ஒன்றைத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்றேன். அடங்கினான். டீக்கடைக்காரி ஒருத்தி மட்டும் காரியமாகப் பேசினாள்: "நாலு டயர்லயும் காத்த எறக்குங்க. வண்டி தாந்துரும், பின்னால தள்ளிரலாம்." அப்படியே செய்தோம். நான்கு விரற்கடை தாழ்ந்தது, வெளியே வந்தது. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீங்க முன்னாடி போயி பாத்துட்டுத்தான கையத் தூக்குனீங்க?" என்றாள். கூட்டத்தில் கேட்கப்படும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது.

ஜெபக்கனி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். "நான் என்ன செஞ்சேன் மைனி? மெதுவாத்தான் வந்தேன்."

அவளுக்கு விளக்கினேன். வேகத்தடையின் உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டர். அதன்மேல் வேகமாக ஏறினால் வண்டியின் வில் அழுந்தி மீளும். அந்தத் துள்ளல் இன்னொரு பன்னிரண்டு. கூட்டினால் இருபத்து நான்கு. மணலில் படம் வரைந்தும் காட்டினேன். நல்ல மாணவியைப் போல் கேட்டுக்கொண்டாள்.

"அப்பம் நாந்தான் வேகமா ஏத்திட்டேன்" என்றாள்.

இடைவெளி இருந்தது என்று மட்டுமே நான் சொன்னேன்.


ஜனவரி 23. கரூர்.

வண்டியை இழுத்து வந்து, அதைக் கட்டிய பட்டறையிலேயே விட்டிருக்கிறோம். வரிசையாகப் பேருந்துகளின் எலும்புக்கூடுகள். எங்கள் வண்டியும் அவற்றின் நடுவே நிற்கிறது. நாங்கள் அதற்குள்ளேயே தங்கியிருக்கிறோம். பட்டறை மேஸ்திரி குப்பண்ணன் பத்து நாள் ஆகும் என்கிறார். கூரையில் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. குளிர் இறங்குகிறது.


ஜனவரி 24.

ஜெபக்கனி இன்று எதையும் வர்ணிக்கவில்லை.


ஜனவரி 27.

டயர்களுக்குக் காற்றடித்தாயிற்று. பட்டறைக்குள் வண்டியைப் பத்தடி நகர்த்தவேண்டியிருந்தது. குப்பண்ணன் சாவியை நீட்டினார். ஜெபக்கனி கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே எடுங்கண்ணே. நான் இனிமே தொடமாட்டேன்."

"ஏனுங்க்கா, வண்டின்னா நாலு எடம் இடிக்கத்தான் செய்யும். இடிக்கலீன்னா நாங்க எங்க போறதுங்க சோத்துக்கு?"

அவள் சிரிக்கவில்லை. மாலையில் பிரிசில்லாவிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போகச் சொன்னாள். பிரிசில்லா என்னிடமும் பேசினாள். "அத்தை, நான் அப்பவே சொன்னேன். அறுபத்து மூணு வயசுல இதெல்லாம் தேவையா? யார் மேலயாவது ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நல்ல வேளை, அம்மாவே தப்பை ஒத்துக்கிட்டாங்க. எப்பவும் ஒத்துக்கமாட்டாங்க."

நல்ல வேளைதான் என்றேன். வேறென்ன சொல்ல முடியும் என்று அப்போது தோன்றிற்று.

ஜெபக்கனி ஓசூர் போனால் நான் ஓர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளலாம். விளம்பரம் எழுதிப் பார்த்தேன். ‘நிதானமானவர், பேசுபவர் தேவை.’ கிழித்துப் போட்டேன்.


ஜனவரி 29.

ரசம், அப்பளம். அவள் செய்தாள், நான் சாப்பிட்டேன். அவள் தட்டில் கை அளைந்தது, அவ்வளவுதான். இரவு அவள் படுக்கையிலிருந்து கேட்டாள்: "மைனி, அந்த ஸ்பிரிங்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்துல அப்படித் துள்ளும்?"

"தூங்கு" என்றேன்.

"பத்துக்கு மேல நான் போகலையே. பத்துலயுமா துள்ளும்?"

போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன். தூங்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளட்டும்.


ஜனவரி 31.

குப்பண்ணன் கூரை மேலிருந்து இறங்கிவந்தார். ஜெபக்கனி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கையில் விசிறியின் அடித்தகடு.

"டீச்சர், இதைப் பாருங்க. துள்ளி இடிச்சிருந்தா மேலிருந்து அமுங்கியிருக்கோணும். இது மூஞ்சிக்கு நேரா வந்து இடிச்சதுங்க. அதுமில்லாம, தண்ணியும் கட்டிலும் அடுப்புமா இந்த வண்டி அரை லாரி எடை. பன்னெண்டு சென்டிமீட்டரெல்லாம் துள்ளாதுங்க. நான் கட்டின வண்டி, எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்படியா" என்றேன்.

"பலகையில என்னங்க போட்டிருந்துச்சு?"

"மூன்று புள்ளி ஒன்று."

அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பாலம் ரெண்டே முக்காலுங்க டீச்சர். பாடி கட்டின வண்டி எதையும் நாங்க அந்த வழியில உடறதில்லீங்க. பால் வண்டி, டெம்போ, அதுகதான் போவும்." தகட்டைக் கீழே வைத்தார். "எனக்கு ஃபைபர் வேலைதான் தெரியும். யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டனுங்க. ஆனா அந்த அக்கா ஒழுங்காச் சோறு திங்கிறதில்லீங்க. நேத்து, எல்லாரும் போன பொறவு, சீட்டுல ஏறி உக்காந்து, ஸ்டியரிங்கத் தொடாம சும்மா பாத்துட்டே இருந்துச்சுங்க. அதான் சொன்னனுங்க."

அவர் போன பிறகு நான் பதிவேட்டை எடுத்தேன். ஜனவரி 22, 3.1 மீட்டர். என் கையெழுத்து. தெளிவாக, அழகாக இருந்தது.


பிப்ரவரி 1.

கூரை முடிந்தது. வெள்ளை வண்ணம் அடித்தாயிற்று. ஜெபக்கனி தன் துணிகளைப் பையில் அடுக்கினாள். குக்கரை எனக்கென்று விட்டாள். "ஒங்களுக்கு வேணும்லா." இரண்டு பேர் வாழ்ந்த இடத்தில் ஒருத்தியின் பொருளை எடுத்தால் எவ்வளவு இடம் காலியாகும் என்று அளக்க முடியும். நான் அளக்கவில்லை.


பிப்ரவரி 2, ஞாயிறு. கரூருக்கு வடக்கே, காவிரிக்கரை.

பத்து மணிக்குப் பிரிசில்லா காரில் பட்டறைக்கு வந்தாள். குழந்தை முன்னிருக்கையில் கட்டுண்டு தூங்கிற்று. ஜெபக்கனி என் கன்னத்தைத் தொட்டு, "மாத்திரைய மறந்துராதிய மைனி" என்று சொல்லிவிட்டுக் காரின் பின்னிருக்கையில் ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள், யாரோ எடுத்துப் போகும் சாமானைப் போல.

நான் போய்க் கதவைத் திறந்தேன். "ஜெபக்கனி, இறங்கு."

"என்ன மைனி, எதையும் மறந்துட்டனா?"

"அந்த ஸ்பிரிங் கணக்கு பொய். நீ ஒண்ணும் செய்யல. சரியாத்தான் ஓட்டுன. அந்தக் கம்பியோட உயரம் ரெண்டே முக்கால் மீட்டர். நீ நடந்துபோற வேகத்துல வந்திருந்தாலும் இடிச்சிருக்கும்."

அவள் இறங்கினாள். "நீங்க மூணு புள்ளி ஒண்ணுன்னு எழுதுனியளே."

"எழுதுனேன். படிக்கல."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. குப்பண்ணன் வேலையாட்களை டீ குடிக்க அனுப்பினார். அவர் மட்டும் ஒரு சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்து எதையோ முடுக்குவதுபோல் பாவனை செய்தார்.

"படிக்காம எப்படி மைனி கையத் தூக்குவிய?"

"பால் வண்டி வந்துது. அது வந்தா நாமும் போகலாம்னு ஊகிச்சேன். ஊகத்தை அளவுன்னு எழுதிட்டேன். இடிச்சதும் ஒத்துக்க முடியல. அதனால உம்மேல ஒரு கணக்குப் போட்டேன்."

அவள் முகம் என்ன ஆயிற்று என்று என்னால் எழுத முடியாது. குரலைக் கேட்டேன். அதுவரை நாற்பது ஆண்டில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"பதினோரு நாளு! பதினோரு நாளு மைனி, கண்ண மூடினா அந்தச் சத்தம்தான். ஒரு புள்ள குறுக்க வந்திருந்தா கொன்னுருப்பனேன்னு நெனச்சு நெனச்சு வெந்தேன். நீங்க அடுத்த கட்டில்ல படுத்துக்கிட்டு, தூங்குத மாதிரி கெடந்திய! மணல்ல படம் வேற! ஸ்பிரிங்கு இப்படி அமுங்கும், அப்படி எந்திரிக்கும்னு! எட்டாம் கிளாஸ் படிச்சவகிட்ட எதுக்கு மைனி அத்தனை படம்? ரெண்டு கோடு போட்டிருந்தாலே நம்பியிருப்பனே!"

"அம்மா, விடும்மா" என்றாள் பிரிசில்லா.

"நீ சும்மா இரிட்டி! நான் ஒங்க அத்தைகிட்ட பேசுதேன்."

அவள் இன்னும் பேசினாள். நான் நின்று கேட்டேன். அனைத்தும் சரியானவை, ஓரிரு இடங்களில் இலக்கணம் மட்டும் தவறியது. முடிவில் மூச்சு வாங்கிற்று. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சக்கரத்தின் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தச் சாவியத் தாங்க" என்றாள்.

குப்பண்ணன் ஓடிவந்து கொடுத்தார். அவள் ஏறினாள். பேருந்துக் கூடுகளின் நடுவே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தச் சந்தில் பின்னோக்கி எடுத்து, ஒரு கூட்டையும் உரசாமல் வாசலுக்கு நேரே நிறுத்தினாள். பிரிசில்லா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அம்மா ஓட்டிப் பார்ப்பது அவளுக்கு இது முதல் தடவை. "இவ்வளவு நல்லா ஓட்டுவீங்களாம்மா?" என்றாள். கோபம் பாதி போயிருந்தது.

"பின்ன? ஒங்க அப்பா சும்மாவா கைதட்டினாவ?" ஜெபக்கனி சன்னலில் முழங்கையை வைத்தாள். "பிள்ளைக்குப் பல்லு மொளைக்கட்டும். ஈஸ்டருக்கு வந்து பாக்கேன். இந்த வண்டியிலேயே வாரேன், வாசல்ல நிறுத்துதேன், ஒங்க அபார்ட்மென்ட்ல எவன் என்ன கேக்கான்னு பாப்போம்." பிறகு என் பக்கம்: "ஏறுங்க மைனி. முன்னால இல்ல, பின்னால. பாலம் வந்தா இனி நானே எறங்கிப் பாத்துக்கிடுதேன்."

பின்னால் ஏறினேன். ஒரு மணி நேரம் ஓட்டினாள். கரைக்கு வந்து நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்து, பருப்பைக் களைந்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

"பலகை பக்கத்துலதான போனிய. ஏன் படிக்கல?"

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கும் எழுதிவைக்கிறேன். நான்கரை ஆண்டாக வைத்தியரைத் தவிர ஒருவருக்கும் சொல்லாதது, இந்தக் குறிப்பேட்டுக்கும் சொல்லாதது. 2020 ஜூலை முதல் என் வலக்கண்ணில் பார்வை இல்லை. இடக்கண் கைக்கெட்டும் தூரம் வரை எழுத்தைக் காட்டும். அதற்கப்பால் நிறங்கள் மட்டும்தான். அதுவும் இன்னும் இரண்டு ஆண்டுக்குமேல் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். கார் ஓட்டுவது எனக்கு அலுக்கவில்லை. ஓசூருக்குப் போய் ஜெபக்கனியை அழைத்து வந்ததும் அவள்மேல் இரங்கி அல்ல. போகும் வழியில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆளாக எனக்கு அவளைத்தான் தெரியும்.